கோதுமையும் பாலும் இல்லாமல் பீட்சா பேஸ்

கடையில் விற்கும் பீட்சா பேஸ் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் முதல் பெயரே மைதாவாக இருக்கும். சரி, குளூட்டன் இல்லாதது என்று தனி அலமாரியில் வைத்திருப்பதை எடுத்தால், அதில் பல சமயம் முட்டையோ பால் பவுடரோ சேர்ந்திருக்கும். கோதுமையை விலக்கினால் மாவைச் சேர்த்துப் பிடிக்க வேறு ஏதாவது வேண்டும். தயாரிப்பவர்களுக்கு உடனே நினைவுக்கு வருவது முட்டைதான். கோதுமை ஒத்துக்கொள்ளாது, பாலும் முட்டையும் சாப்பிடுவதில்லை என்று இருப்பவர்கள் இப்படித்தான் இரண்டு அலமாரிக்கும் நடுவில் நிற்கிறார்கள்.

அவர்களுக்கான பேஸை வீட்டிலேயே செய்துவிடலாம். அரிசி மாவு, சோள மாவு, மரவள்ளி ஸ்டார்ச், மருந்துக்கடையில் வாங்கும் இசப்கோல், இவ்வளவு போதும். செய்முறை கடினமே இல்லை. ஆனால் சப்பாத்தி, பரோட்டா பிசைந்து பழகிய கை தன் பழக்கங்களில் பாதியை இந்த மாவின் முன்னால் விட்டுவிட வேண்டும். பலருக்குச் சரியாக வராமல் போவது அங்கேதான்.

கோதுமை செய்யும் வேலை

கோதுமையில் கிளையடின், குளூட்டனின் என்று இரண்டு வகைப் புரதங்கள் உண்டு. தண்ணீர் விட்டுப் பிசையும்போது இவை ஒன்றோடொன்று பிணைந்து இழுபடும் வலையாகின்றன. அந்த வலைதான் குளூட்டன். பரோட்டா மாஸ்டர் வீசும்போது மாவு கிழியாமல் விரிவது இதனால்தான். ஈஸ்ட் வெளியிடும் கரியமில வாயுவைச் சிறைபிடித்து ரொட்டியை உப்ப வைப்பதும் இதுவே.

அரிசி மாவில் இந்த வலை கிடையாது. ஒரு மணி நேரம் பிசைந்தாலும் வராது. கொழுக்கட்டைக்கும் இடியாப்பத்துக்கும் கொதிக்கும் தண்ணீர் ஊற்றுகிறோமே, அது அரிசியின் மாவுச்சத்தைப் பாதி வேக வைத்துப் பசையாக்குவதற்கு. அந்தப் பசை மாவை ஒட்டவைக்கும்; வாயுவைப் பிடித்துவைக்காது. அதை அப்படியே தட்டிச் சுட்டால் நல்ல அரிசி ரொட்டி கிடைக்கும். பீட்சா பேஸ் கிடைக்காது.

இசப்கோல் இங்கே உதவுகிறது. விதையின் மேல்தோலான இந்த உமி தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரை இழுத்துக்கொண்டு கெட்டியான, சற்றே இழுபடும் கூழாகிறது. அந்தக் கூழ் மாவைச் சேர்த்துப் பிடிக்கிறது, வாயுவையும் ஓரளவு நிறுத்திவைக்கிறது. குளூட்டனுக்கும் முட்டைக்கும் பதிலாக இந்த ஒரு பொருளே போதும். வெளிநாட்டுச் சமையல் குறிப்புகளில் சாந்தன் கம் என்ற பிசின் பொடி அதிகம் வரும். அதுவும் வேலை செய்யும். ஆனால் கொஞ்சம் கூடினாலும் வழவழப்பு வந்துவிடும். உலகத்துக்கே இசப்கோல் அனுப்புவது நம் நாட்டின் குஜராத்தும் ராஜஸ்தானும்தான். தெருமுனை மருந்துக்கடையில் கிடைப்பதை விட்டுவிட்டு வேறொன்றைத் தேடி அலைய வேண்டியதில்லை என்பது என் கருத்து.

சீஸ் இல்லாத பீட்சாவா என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு தகவல். நேப்பிள்ஸ் நகரத்துப் பாரம்பரிய பீட்சாக்களில் ஒன்றான மரினாராவில் தக்காளி, பூண்டு, ஒரேகானோ, ஆலிவ் எண்ணெய் இவைதான் உண்டு, சீஸ் கிடையாது. பீட்சாவின் தரத்தைக் காக்க 1984-ல் அங்கே தொடங்கிய சங்கம் மார்கெரிட்டாவுக்குச் சமமாக மரினாராவையும் வைத்திருக்கிறது.

மாவு வாங்கும் இடத்தில்

சுவைக்காகக் கோதுமையைத் தவிர்ப்பவர்கள் இந்தப் பகுதியை மேலோட்டமாகப் படித்தால் போதும். வீட்டில் சீலியாக் நோய் உள்ளவர் இருந்தால் வரி விடாமல் படியுங்கள். அந்த நோயில் குளூட்டன் உள்ளே போனால் உடலின் எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலின் உட்சுவரைத் தாக்குகிறது. கொஞ்சம்தானே என்ற கணக்கு அவர்களுக்குச் செல்லாது. ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருந்தால் அந்தப் பொருளைக் குளூட்டன் இல்லாதது என்று விற்கக் கூடாது என்பது நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதி. சர்வதேச அளவுகோலும் அதுதான்.

இனி மாவு மில்லை நினைத்துப் பாருங்கள். நமக்கு முன்னால் நிற்பவர் ஐந்து கிலோ கோதுமை அரைத்துக்கொண்டு போகிறார். அடுத்து நம் அரிசி இயந்திரத்தில் விழுகிறது. கல்லிலும் குழாயிலும் துணிப் பையிலும் ஒட்டியிருந்த கோதுமை மாவு நம் தூக்கில் வந்து சேர்கிறது. முதல் அரை கிலோவை வேறு யாருக்காவது கொடுத்துவிட்டு மீதியை எடுத்துக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள். கலப்பு குறையும், போகாது. சீலியாக் உள்ள வீட்டில் அரிசியைக் கழுவி, நிழலில் உலர்த்தி, வீட்டு மிக்ஸியிலேயே அரைத்துச் சலிப்பதுதான் பாதுகாப்பு. இல்லையென்றால் குளூட்டன் இல்லாதது என்று அச்சிட்ட பாக்கெட் மாவு.

சல்லடை, பூரிக்கட்டை, சப்பாத்திப் பலகை இவற்றிலும் கோதுமை ஒட்டியிருக்கும். மரத்தில் உள்ள கீறல்களை எவ்வளவு கழுவினாலும் முழுதாகச் சுத்தம் செய்ய முடியாது. இந்த பேஸுக்குக் கட்டையே தேவைப்படாது என்பது ஒரு வசதி. சல்லடையை மட்டும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

பலருக்குத் தெரியாத இடம் பெருங்காயம். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பிசினோடு கோதுமை மாவு அல்லது மைதா சேர்ப்பது வழக்கம். தக்காளி சாஸில் ஒரு சிட்டிகை போட்டாலே போதும், இவ்வளவு நேரம் பார்த்துப் பார்த்துச் செய்தது வீண். அரிசி மாவு சேர்த்த பெருங்காயம் தனியாகக் கிடைக்கிறது. சோயா சாஸிலும் கோதுமை உண்டு. ரவை, சேமியா இரண்டும் கோதுமை. பார்லியிலும் குளூட்டன் உண்டு. ஓட்ஸ் தன்னளவில் கோதுமை இல்லையென்றாலும் விளையும் இடத்திலும் ஆலையிலும் கலந்துவிடுவதால் அதற்கென்று சான்று போட்ட பாக்கெட் இல்லாமல் வாங்காதீர்கள்.

இன்னொன்று. கோதுமை ஒத்துக்கொள்ளவில்லையோ என்ற சந்தேகத்தில் இருப்பவர்கள், மருத்துவரைப் பார்க்கும் முன்பே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தியபின் எடுக்கும் இரத்தப் பரிசோதனையில் நோய் இருந்தும் இல்லையென்று வர வாய்ப்பு உண்டு. முதலில் பரிசோதனை, பிறகு பத்தியம்.

பொருட்களும் அளவும்

பத்து அங்குல பேஸ் இரண்டுக்கு இந்த அளவு: பச்சரிசி மாவு 150 கிராம், வெள்ளைச் சோள மாவு 75 கிராம், மரவள்ளி ஸ்டார்ச் 75 கிராம், இசப்கோல் உமி 18 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 5 கிராம், சர்க்கரை 8 கிராம், உப்பு 6 கிராம், எண்ணெய் 20 மில்லி, தண்ணீர் 320 மில்லி.

இதற்கு எடை பார்க்கும் தராசு வேண்டும். மற்ற சமையலில் கண்ணளவு நமக்குக் கை கொடுக்கும், இங்கே கொடுக்காது. அழுத்தி நிரப்பிய கப்புக்கும் தூவி நிரப்பிய கப்புக்கும் அரிசி மாவில் கணிசமான வித்தியாசம் வரும். இசப்கோலில் இரண்டு கிராம் குறைந்தால் மாவு விரிசல் விடும், கூடினால் பேஸ் ரப்பராகும்.

அரிசி மாவு நைசாக இருக்க வேண்டும். விரல்களுக்கு இடையே தேய்த்தால் மணல் போல நெருடக் கூடாது. நெருடினால் சுட்ட பிறகும் பல்லில் நெருடும். இடியாப்ப மாவு என்று விற்பது பெரும்பாலும் வறுத்தது அல்லது ஆவியில் வேக வைத்தது. அது தண்ணீரை அதிகம் குடிக்கும். இந்தக் கணக்கு அதற்குப் பொருந்தாது. வறுக்காத பச்சரிசி மாவையே எடுங்கள்.

கடையில் சோள மாவு என்று கேட்டால் மக்காச்சோள ஸ்டார்ச்சான கார்ன்ஃப்ளாரைக் கொடுத்துவிடுவார்கள். நமக்கு வேண்டியது வெள்ளைச் சோளத்தை அரைத்த மாவு. வெறும் அரிசியில் செய்த பேஸுக்குச் சுவையே இருக்காது, சோளம்தான் தானியத்தின் வாசனையைக் கொடுக்கிறது. சோளத்துக்குப் பதில் கேழ்வரகும் போடலாம். நிறம் கருக்கும், மொறுமொறுப்பு சற்றுக் குறையும். கம்பு போடுவதானால் அன்றே அரைத்த மாவாக இருக்க வேண்டும். கம்பில் கொழுப்பு அதிகம் என்பதால் அரைத்து வைத்த மாவு சில நாட்களிலேயே கசந்துபோகும்.

மரவள்ளி ஸ்டார்ச் என்பது சேலத்து ஆலைகளில் ஜவ்வரிசி செய்யப் பயன்படும் அதே வெள்ளை மாவு. மேல்தோல் மொறுமொறுப்பாகவும் உள்ளே லேசாக மெல்லும்படியும் இருப்பது இதனால்தான். கிடைக்காவிட்டால் ஜவ்வரிசியை மிக்ஸியில் பொடித்து இரண்டு முறை சலித்துக்கொள்ளலாம். உருட்டி வறுக்கும்போதே அது கொஞ்சம் வெந்துவிட்டிருப்பதால் ஒன்றிரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் கூடுதலாகக் கேட்கும்.

இசப்கோல் வாங்கும்போது ஆரஞ்சு சுவை, சர்க்கரை எல்லாம் சேர்த்த மருந்து வகையைத் தவிர்த்து வெறும் உமியாகக் கேளுங்கள். பொடியாகக் கிடைத்தால் 15 கிராம் போதும். சில பிராண்டுகளில் சுட்ட பிறகு பேஸ் லேசான ஊதா நிறத்துக்குப் போகும். கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட வேண்டாம்; உமியின் இயல்பு அது.

ஈஸ்ட் ஒரு நுண்ணுயிர்ப் பூஞ்சை. விலங்குப் பொருள் இல்லை, ரொட்டிக்கான ஈஸ்டில் கோதுமையும் இல்லை. பீர் தயாரிப்பில் மிஞ்சும் ஈஸ்ட் வேறு, அதில் பார்லி ஒட்டியிருக்கும், அதை வாங்காதீர்கள். எண்ணெய் உங்கள் விருப்பம். கடலை எண்ணெய் நன்றாகவே வரும். நல்லெண்ணெய் வாசனை தக்காளியோடு சேராது என்பேன், ஒத்துக்கொள்ளாதவர்களும் இருப்பார்கள்.

செய்முறை

தண்ணீரில் 70 மில்லியைத் தனியாக எடுத்து வெதுவெதுப்பாக்குங்கள். விரலை விட்டால் சூடும் தெரியக் கூடாது, குளிர்ச்சியும் தெரியக் கூடாது. கை பொறுக்காத சூட்டில் ஈஸ்ட் செத்துவிடும். அதில் சர்க்கரையையும் ஈஸ்டையும் கலந்து பத்து நிமிடம் வையுங்கள். இன்ஸ்டன்ட் ஈஸ்டை நேராக மாவில் போடலாம் என்று பாக்கெட்டில் எழுதியிருக்கும், உண்மைதான். ஆனால் நம் ஊர் வெயிலில் கடை அலமாரியில் எத்தனை மாதம் கிடந்ததோ, நுரை வருகிறதா என்று பார்த்துவிட்டுப் போடுவது நல்லது. நுரையே வராவிட்டால் அந்த ஈஸ்டை விட்டுவிடுங்கள்.

மீதி 250 மில்லி தண்ணீரை ஒரு பாத்திரத்தில் ஊற்றி, கலக்கிக்கொண்டே இசப்கோலைத் தூவுங்கள். ஒரேயடியாகக் கொட்டினால் கட்டி தட்டும். ஐந்து நிமிடத்தில் கலங்கலாக இருந்த தண்ணீர் இறுகத் தொடங்கும். பத்து நிமிடத்தில் பாத்திரத்தைச் சாய்த்தாலும் ஓடாத கூழாகிவிடும். கரண்டியால் தூக்கினால் மொத்தமாக எழுந்து வர வேண்டும். இந்தப் படியில் அவசரம் கூடாது. கூழாகும் முன்பே மாவில் சேர்த்துவிட்டால் மாவும் உமியும் தண்ணீருக்குப் போட்டி போடும். அங்கங்கே வறண்ட மாவும் அங்கங்கே கூழுமாக நிற்கும்.

மாவுகளையும் உப்பையும் ஒன்றாகச் சலித்து, நடுவில் குழி செய்து, கூழையும் ஈஸ்ட் தண்ணீரையும் எண்ணெயையும் சேருங்கள். முதலில் திப்பித் திப்பியாகத்தான் இருக்கும். கையால் கசக்கிக் கசக்கிச் சேருங்கள். நான்கைந்து நிமிடத்தில் வெள்ளைத் திட்டு எதுவும் இல்லாமல் ஒரே நிறத்தில் வந்தால் வேலை முடிந்தது. இழுத்து மடித்து, அடித்துப் பிசைவதெல்லாம் வேண்டாம். அப்படிப் பிசைந்து உருவாக்க இதில் வலை எதுவும் இல்லை. மாவு சப்பாத்தி மாவை விடத் தளர்வாக, வடை மாவை விட இறுக்கமாக இருக்கும். கையில் ஒட்டும். ஒட்டுகிறதே என்று மேலே மேலே உலர்ந்த மாவைத் தூவாதீர்கள். அதுதான் பேஸ் கல்லாகிப்போவதற்கு முதல் காரணம். கையில் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள், ஒட்டாது.

மைதா மாவை ஒரு முறை உப்பவிட்டு, அமுக்கி, மறுபடி உப்பவிடுவார்கள். இங்கே ஒரே முறைதான். உப்பிய பிறகு அமுக்கினால் போன வாயு போனதுதான். அதனால் கலந்த கையோடு மாவை இரண்டாகப் பிரித்து வடிவம் கொடுத்துவிட வேண்டும்.

பட்டர் பேப்பரில் எண்ணெய் தடவி, நடுவில் உருண்டையை வைத்து, விரல்களால் நடுவிலிருந்து ஓரம் நோக்கித் தட்டிக்கொண்டே போங்கள். வாழையிலையில் ராகி அடை தட்டத் தெரிந்தவர்களுக்கு இது சொல்லித் தர வேண்டியதே இல்லை. கனம் அரை சென்டிமீட்டருக்குச் சற்று மேல், ஓரம் மட்டும் இன்னும் கொஞ்சம் தடிப்பு. ஓரத்தில் விரிசல் தெரிந்தால் ஈர விரலால் நீவுங்கள். இப்போது விட்ட விரிசல் அடுப்பில் பெரிதாகும். மேலே எண்ணெய் தொட்டுத் தடவி, பெரிய பாத்திரம் கொண்டு மூடுங்கள்.

கோடைக்காலத்தில் அரை மணி முதல் நாற்பது நிமிடம், மார்கழியில் ஒரு மணி நேரம் ஆகும். மைதா மாவு போல இரு மடங்காக உப்பும் என்று காத்திருந்தால் ஏமாற்றம்தான். ஒன்றரை மடங்கு வந்து, மேற்புறம் மெத்தென்று தெரிந்தால் அடுப்புக்குத் தயார். அதற்கு மேல் விட்டால் மேலே சின்னச் சின்ன ஓட்டைகள் விழுந்து அமுங்கிவிடும்.

அடுப்பு

நேப்பிள்ஸ் விறகடுப்பின் தளம் ஏறத்தாழ 485 டிகிரி செல்சியஸ். பீட்சா அங்கே 60 முதல் 90 நொடியில் வெந்துவிடுகிறது. நம் வீட்டு ஓவன் 230, மிஞ்சினால் 250. அந்த வேகம் இங்கே வராது. அதோடு நம் மாவில் இருக்கும் தண்ணீர் மாவின் எடைக்குச் சமமாக, கொஞ்சம் கூடுதலாகவே இருக்கிறது. இந்த ஈர மாவின் மேல் சாஸையும் காய்கறியையும் பரப்பி ஓவனில் வைத்தால் மேலே கருகும், நடுவில் களியாக நிற்கும். ஆகவே பேஸை வெறுமனே முக்கால் பங்கு சுட்டு எடுத்து, பிறகுதான் மேலே எதையும் வைக்க வேண்டும். இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு வரியை அடிக்கோடு இடுவதென்றால் இதற்கு இடுங்கள்.

ஓவனை 230 டிகிரியில் அரை மணி நேரம் காயவிடுங்கள். பீட்சா சுடும் கல் தனியாக வாங்க வேண்டாம். கைப்பிடி இல்லாத கனமான இரும்புத் தோசைக்கல் ஓவனுக்குள் நுழையுமானால் அதைக் கவிழ்த்து உள்ளே வைத்து ஓவனோடு சேர்த்துக் காயவிடுங்கள். மரப்பிடியோ பிளாஸ்டிக் பிடியோ உள்ள கல் வேண்டாம். பட்டர் பேப்பர் எவ்வளவு சூடு தாங்கும் என்று அதன் அட்டையில் போட்டிருப்பார்கள், பார்த்துக்கொள்ளுங்கள். பேஸைச் சுற்றி நீட்டிக்கொண்டிருக்கும் காகிதத்தை வெட்டிவிட்டு, காகிதத்தோடு அப்படியே கல்லின் மேல் சறுக்கிவிடுங்கள்.

12 முதல் 14 நிமிடம். பத்தாவது நிமிடம் இடுக்கியால் ஓரத்தைத் தூக்கி அடிப்புறத்தைப் பாருங்கள். காகிதம் தானாகப் பிரிந்து வந்து, அங்கங்கே பழுப்புப் புள்ளிகள் தெரிய வேண்டும். காகிதம் ஒட்டிக்கொண்டு வந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. மேற்புறம் வெளுப்பாகவே இருக்கும், அது பரவாயில்லை. பிரிந்தவுடன் காகிதத்தை உருவிவிட்டு, சாஸும் மற்றவையும் வைத்து மறுபடி 8 முதல் 10 நிமிடம்.

ஓவன் இல்லாதவர்கள் தோசைக்கல்லிலேயே செய்யலாம். நடுத்தரத்துக்கும் குறைந்த தீயில் பேஸைப் போட்டு மூடி வைத்து ஆறேழு நிமிடம், திருப்பிப் போட்டு மூடாமல் ஐந்து நிமிடம். மறுபடி திருப்பி, நன்றாகச் சிவந்த பக்கம் மேலே வரும்படி வைத்து, ஏற்கெனவே வதக்கிய காய்கறிகளைப் பரப்பி இரண்டு நிமிடம் மூடிவையுங்கள். பச்சைக் காய்கறி இங்கே வேகாது. உண்மையைச் சொன்னால் ஓவன் பேஸுக்கு இது முக்கால் பங்குதான் வரும். ஆனால் அடிப்புறம் மொறுமொறுப்பில் இது ஒன்றும் தோற்காது.

மேலே என்ன வைப்பது என்பதற்கு அடுத்த அத்தியாயம் இருக்கிறது. இப்போதைக்கு இரண்டே குறிப்பு: தக்காளி சாஸைக் கரண்டியில் எடுத்தால் சொட்டாத அளவுக்குச் சுண்டவையுங்கள், காளானையும் குடைமிளகாயையும் தனியாக வதக்கி நீரை வற்றவைத்துப் போடுங்கள்.

ஈஸ்டுக்கு நேரம் இல்லாத நாளில்

இத்தாலியின் ஜெனோவாவில் ஃபரினாட்டா என்றும், பிரான்சின் நீஸ் நகரில் சொக்கா என்றும் ஒரு தட்டை ரொட்டி உண்டு. கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு, அவ்வளவுதான். யாருடைய பத்தியத்துக்காகவும் கண்டுபிடித்ததல்ல. தலைமுறை தலைமுறையாக அங்கே தெருக்கடை உணவு. பீட்சா பேஸாக வேண்டுமென்றால் சற்றுக் கெட்டியாகக் கரைக்க வேண்டும். ஒரு கப் கடலை மாவுக்கு ஒன்றேகால் கப் தண்ணீர், இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய், அரை தேக்கரண்டி உப்பு. கட்டியில்லாமல் கரைத்து இரண்டு மணி நேரமாவது ஊறவிடுங்கள். மேலே வரும் நுரையை எடுத்துவிடுங்கள். நன்றாகக் காய்ந்த இரும்புச் சட்டியில் தாராளமாக எண்ணெய் விட்டு ஊற்றி, 230 டிகிரியில் 15 முதல் 18 நிமிடம் சுடுங்கள். குறைவாக வெந்தால் பச்சை மாவின் கசப்பு நாக்கில் நிற்கும். ஓரம் சட்டியை விட்டு விலகி நன்றாகச் சிவக்கும்வரை விடுங்கள். கடலை மாவிலும் மில் கலப்பு பற்றி மேலே சொன்னது அப்படியே பொருந்தும்.

மிச்சம் வைப்பது

அரிசியில் செய்த எதுவும் ஆறினால் இறுகும். பழைய சோற்றைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஃப்ரிட்ஜில் வைத்தால் இந்த இறுக்கம் இன்னும் சீக்கிரம் வரும். எனவே முழுதாகச் செய்த பீட்சாவை மிச்சம் வைக்காதீர்கள். முக்கால் பங்கு சுட்ட வெறும் பேஸை ஆறவைத்து, காற்றுப் புகாமல் சுற்றி ஃப்ரீசரில் வையுங்கள். ஒரு மாதம் வரை சுவை மாறாது. வேண்டும்போது உருகவிடாமல் அப்படியே எடுத்து, மேலே வைப்பதை வைத்து, சூடான ஓவனில் வழக்கத்தை விட மூன்று நிமிடம் கூடுதலாகச் சுட்டால் போதும். அதே ஃப்ரீசரில் மைதா பேஸும் வைத்திருக்கும் வீடென்றால், இந்தப் பொட்டலத்தின் மேல் மறக்காமல் பெயரும் தேதியும் எழுதி, மேல் தட்டில் வையுங்கள்.